ஜெபத்துலயும் கூடாது

தையல்கார அக்காவுக்கு ஆண்டவர் இரண்டு வரம் கொடுத்திருந்தார். ஒன்று கை, இன்னொன்று வாய். கை சோறு போட்டது, வாய் பெயர் வாங்கிக் கொடுத்தது. எந்தத் துணியைக் கொடுத்தாலும் கச்சிதமாகத் தைத்துவிடுவாள். அதே மாதிரி யாருடைய கஷ்டத்தைக் கொடுத்தாலும், கண்ணை மூடின மூன்றாவது நிமிடத்தில் அதை அளவெடுத்து, வெட்டி, ஓரம் அடித்து, கேட்கிறவர்கள் மூக்கை உறிஞ்சும்படி ஆண்டவர் முன்னால் விரித்துப் போட்டுவிடுவாள். சபையில் அவளுக்கு நிகராக ஜெபிக்க ஆள் கிடையாது. போதகர் ஐயாவே அவளுக்கு முன்னால் ஜெபிப்பாரே தவிர, பின்னால் ஜெபிக்க மாட்டார்.

இதற்கெல்லாம் காரணம் ஒரு பிரசங்கம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், அப்போதிருந்த போதகர் தாலந்தைப் பற்றி, அதாவது ஆண்டவர் தந்த திறமையைப் பற்றிப் பேசினார். எஜமான் கொடுத்ததை மண்ணில் புதைத்து வைத்தவன் கதி என்ன ஆயிற்று என்று கேட்டு, விரலை நீட்டி, "உங்க தாலந்து என்ன? அதைப் புதைக்காதீங்க!" என்றார். விரல் நேராக இவளைப் பார்த்து நின்றது. அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் எதையுமே புதைத்ததில்லை. குறிப்பாக அடுத்த வீட்டுச் சங்கதியை.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பெண்கள் ஜெபக்கூட்டம். ஆலயத்துக்குப் பக்கத்து அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரே பக்கமாகத் திரும்பி நின்றுவிட்ட ஒரு சுவர் விசிறி, பதினாறு பெண்கள். ஓய்வு பெற்ற டீச்சர் ஒருத்திதான் தலைவி. ஜெபக் குறிப்புகளை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, வகுப்பில் பிள்ளைகளைக் கேள்வி கேட்டு எழுப்புவது மாதிரி ஒவ்வொருத்தியாக எழுப்புவாள்.

அக்காவுக்கு ஒரு கொள்கை உண்டு. ஜெபத்தில் யார் பேரையும் சொல்ல மாட்டாள். பேர் சொன்னால் அது புறம்பேச்சு ஆகிவிடுமாம். அதனால் இப்படித்தான் ஆரம்பிப்பாள்:

"ஆண்டவரே, பச்சை கேட் போட்ட மாடி வீட்டை நினைத்தருளும். மூணு மாசமா வேலை போய், வேலைக்குப் போற மாதிரியே சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கிட்டுக் கிளம்பி, சாயங்காலம் வரைக்கும் பார்க்குல உட்கார்ந்திருக்கிற உம்முடைய மகனைக் கண்ணோக்கிப் பாரும்!"

அந்தத் தெருவில் பச்சை கேட் ஒன்றே ஒன்றுதான். அந்த வீட்டம்மா அப்போது மூன்றாவது நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். புருஷனுக்கு வேலை போன விஷயம் அவளுக்கே அன்றைக்குத்தான் தெரியும். எல்லோரும் ஆமென் சொன்னார்கள், அவளும் சேர்த்து.

அக்காவின் வீட்டுக்காரர் மின்சார மீட்டர் ரீடிங் எடுக்கிறவர். வீடு வீடாகப் போய் எண்ணைக் குறித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் திரும்புகிற மனுஷன். அவர் ஒருநாள் கேட்டார்: "ஏன்டி, ஆண்டவருக்கு எல்லாம் தெரியும்னு நீதானே சொல்றே? அப்புறம் எதுக்கு கேட் கலர், மாடி வீடுன்னு அடையாளம் எல்லாம்? அவர் என்ன மீட்டர் ரீடிங் எடுக்கவா வர்றார்?"

"ஆவிக்குரிய விஷயம் உங்களுக்கு என்ன புரியும்? போய்க் குளிங்க."

செய்தி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், எல்லாம் அளவெடுக்கிற டேப்பிலிருந்தும், அளவு கொடுக்க வருகிறவர்கள் வாயிலிருந்தும்தான். வீட்டின் முன்னறைதான் அவளுடைய கடை. ஜன்னல் ஓரம் மெஷின், எதிரே ஒரு ஸ்டூல், சுவரில் ஆள் உயரக் கண்ணாடி. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிற பெண் எதையும் மறைக்க முடியாது. கவலையில் இளைத்தவள் யார், நோயில் இளைத்தவள் யார், வீட்டில் சொல்வதற்கு முன்னாலேயே இடுப்பு சொல்லிவிடுகிறது யாருக்கு, எல்லாம் அக்காவுக்குத் தெரியும். வேலை நடக்கும்போது மட்டும் அவள் பேச மாட்டாள். பேச முடியாது. உதட்டு நடுவில் நாலு குண்டூசி இருக்கும். துணியை மடித்து ஒவ்வொன்றாக எடுத்துக் குத்திக்கொண்டே போவாள். ஊசி தீர்ந்தால் பேச்சு ஆரம்பம்.

மகன் ஏ.சி. மெக்கானிக். அவனுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். மருமகள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். அமைதியான பெண், அதிர்ந்து பேசத் தெரியாது. மாமியாருக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். அந்தப் பிரியம்தான் வினையாயிற்று.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மருமகளுக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தது. அக்கா உடைந்து போனாள், அதில் பொய் இல்லை. இரண்டு நாள் மெஷினில் உட்காரவில்லை. வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குப் போனவள், எழுந்து நின்று, "என் வீட்டுக்குள்ளேயே ஆண்டவரே, தொட்டில் கட்ட வேண்டிய வீட்டுக்குள்ளேயே..." என்று ஆரம்பித்தாள். எந்த மாதம், எந்த ஆஸ்பத்திரி, டாக்டரம்மா என்ன சொன்னாள், எதுவும் விட்டுப்போகவில்லை. அழாதவர்கள் யாரும் இல்லை. அவள் ஜெபித்ததிலேயே அதுதான் உச்சம் என்று டீச்சர் சொன்னாள்.

அந்த வாரம் முழுக்க வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். ஒருத்தி எதெல்லாம் தொடக் கூடாது, எதெல்லாம் தூக்கக் கூடாது என்று எழுதிக் கொண்டுவந்தாள். மருந்துக்கடைக்காரர் மனைவி, "படியேறி வேலைக்குப் போனியாமே, ஏம்மா போனே?" என்று விசாரணை நடத்தினாள். கடையிலும் விட்டார்களா? பார்வை சோதிக்க வந்த ஒரு அம்மா, அந்தப் பெரிய சோதனைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டே மருமகளின் கையைப் பிடித்து, "கவலைப்படாதேம்மா, என் தங்கச்சிக்கும் மூணு போச்சு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறாள்.

அன்று மாலை மருமகள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினாள், அறைக்குள் போனாள், கதவைச் சாத்தினாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு மாமியாரிடம் அவள் பேசியது எல்லாம் "கேஸ் தீர்ந்துடுச்சு அத்தை", "தண்ணி வரல அத்தை" அவ்வளவுதான். அடுத்த வருஷம் இன்னொன்றும் கலைந்தது. அதை யாரும் அக்காவிடம் சொல்லவில்லை. துவைக்கப் போட்ட துணியின் பாக்கெட்டில் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். "ஊர்ல இருக்கிறவ எல்லாம் என்கிட்ட வந்து சொல்றா. என் வீட்டு விஷயம் சோப்புத் தண்ணியிலயா எனக்குத் தெரியணும்?" என்று வீட்டுக்காரரிடம் அழுதாள். அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார். போன மாதம் மகன் சாப்பிட்டுக்கொண்டே, "அம்மா, தனியா ஒரு வீடு பார்க்கலாமான்னு இருக்கோம்" என்று சொன்னபோது அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்படி இருக்கையில் ஒரு திங்கட்கிழமை. மருமகளுக்கு விடுமுறை நாள். வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற நீல ஸ்கர்ட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து நின்றாள்.

"அத்தை, இதை இடுப்புல கொஞ்சம் பிரிச்சு விடணும்."

அக்கா டேப்பை எடுத்துச் சுற்றினாள். ஒன்றரை இஞ்ச் கூடியிருந்தது. சாப்பாட்டில் கூடுகிற ஒன்றரை இஞ்ச் இடுப்பைச் சுற்றிச் சமமாகக் கூடும். இது முன்பக்கம் மட்டும். டேப்பைப் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமா அத்தை. மூணு மாசம் முடியுது."

அக்காவின் வாயில் அப்போது ஊசி எதுவும் இல்லை. இருந்தும் பேச்சு வரவில்லை.

"வெளியே டெய்லர்கிட்ட கொடுத்தா அவங்களுக்குத் தெரிஞ்சிடும். உங்ககிட்ட கொடுத்தா ஊருக்கே தெரிஞ்சிடும். ரெண்டு நாளா யோசிச்சுப் பார்த்தேன்" என்றாள் மருமகள். குரலில் கோபம்கூட இல்லை, கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"அப்புறம் ஏம்மா என்கிட்ட கொடுத்தே?"

"நீங்க தைச்சது. உள்ளே எவ்வளவு துணி மடிச்சு விட்டிருக்கீங்கன்னு உங்களுக்குத்தானே தெரியும்."

அக்கா எப்போதும் மற்ற டெய்லர்களைவிட ஒரு விரல்கடை கூடுதலாகவே உள்ளே மடித்துத் தைப்பாள். பெண்களுடைய உடம்பு ஒரே மாதிரி இருக்காது என்று அவளுக்குத் தெரியும். அதை இந்தப் பெண் கவனித்து வைத்திருக்கிறாளே என்று அவளுக்குக் கண் கலங்கியது.

"யாருக்கும் சொல்லக் கூடாது அத்தை."

"சேச்சே, நான் யாருக்குச் சொல்லப் போறேன்?"

"ஜெபத்துலயும் கூடாது."

"ஜெபத்துலயுமா?" மூச்சு விடாதே என்று சொன்னதுபோல இருந்தது அக்காவுக்கு.

"நாலு பேர் கேட்கிற மாதிரி கூடாது. இன்னொரு தடவை யாராவது கடைக்கு வந்து என் கையைப் பிடிச்சாங்கன்னா, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். குழந்தை பிறந்தாலும் அங்கேதான், பிறக்கலைன்னாலும் அங்கேதான்." சொல்லிவிட்டு ஸ்கர்ட்டை மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமையே சோதனை ஆரம்பமாகிவிட்டது. மருந்துக்கடைக்காரர் மனைவி ஒரு மேல்சட்டை தைக்க வந்தாள். மருந்துக்கடை அக்கா என்றால் சாதாரண ஆள் இல்லை. ஜெபத்தில் இவளுக்கு அடுத்தபடி அவள்தான். யார் என்ன மாத்திரை வாங்குகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும், அந்த ஒரு விஷயத்தில் டேப்பைவிடப் பலமான கை. "என்னக்கா, மருமக முகத்துல ஒரு களை தெரியுதே?" என்றாள். அக்கா அவசரமாக ஏழு குண்டூசியை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டு, "ம்ம்" என்றாள். அது ஆமாம் என்கிற ம்ம்மா, இல்லை என்கிற ம்ம்மா என்று மருந்துக்கடை அக்காவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

புதன், வியாழன் இரண்டு நாளும் அக்கா ஊசியை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. சாப்பாட்டுக்கு மட்டும் எடுத்தாள். உதடு புண்ணாகிவிட்டது. நாக்கு நமநமவென்று அரித்தது. பெருமைக்காக மட்டும் அரித்திருந்தால் அவள் சமாளித்திருப்பாள். ஆனால் சாத்தான் அப்படி லேசில் வருகிறவனா? வேதம் படித்தவன் மாதிரியல்லவா வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்! 'ரெண்டு தடவை கலைஞ்சு போன வயிறு. ஒருத்தி ஜெபிக்கிறதும் பதினாறு பேர் ஜெபிக்கிறதும் ஒண்ணா? நீ சொல்லாம விட்டு, நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா யார் பொறுப்பு? தாலந்தைப் புதைச்சவ கதி தெரியுமில்ல உனக்கு?' என்று கேட்டான். ஸ்கர்ட்டின் இடுப்புப் பட்டியைப் பிளேடால் பிரித்துக்கொண்டே அழுதாள்.

பேசாமல் வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு மட்டம் போட்டுவிடலாமா என்றும் பார்த்தாள். ஆனால் போகவில்லையென்றால் உடம்பு சரியில்லை என்று மற்ற பதினைந்து பேரும் வீட்டுக்கே ஜெபிக்க வந்துவிடுவார்கள். அதற்குப் போவதே மேல்.

போனாள். அன்றைக்கென்று பார்த்து டீச்சர், "வருஷாந்தரப் பெண்கள் கூட்டத்துல மேடை ஜெபம் யாருன்னு இன்னிக்கு முடிவு பண்ணிடணும்" என்று ஆரம்பித்தாள். இருபது சபைகளிலிருந்து பெண்கள் வருகிற கூட்டம் அது. அந்த மேடைமேல் அக்காவுக்கு ஏழெட்டு வருஷமாக ஒரு கண். மருந்துக்கடை அக்காவுக்கும்தான். அவள் அன்று யாருடையதோ ஒரு கிட்னிக் கல்லை வைத்துக்கொண்டு பிரமாதமாக ஜெபித்து முடித்திருந்தாள். டீச்சர் நோட்டைப் புரட்டினாள்.

"அடுத்த குறிப்பு, கர்ப்பவதிகளுக்காக. தையல் சிஸ்டர், நீங்க ஜெபிங்க."

அக்கா எழுந்தாள். கண்ணை மூடினாள். "ஸ்தோத்திரம் ஆண்டவரே, கர்ப்பவதிகளை நினைத்தருளும், அவங்க சுமக்கிற பாரத்தை நினைத்தருளும்..." என்று வண்டி தானாகவே ஓடியது. அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். 'என் வீட்டுக்குள்ளேயே' என்கிற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்து நின்றது. "என்..." என்று தொடங்கியும் விட்டாள்.

பயத்தில் கண்ணைத் திறந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஜெபத்தின் நடுவில் அவள் கண்ணைத் திறந்தது அன்றைக்குத்தான். பதினைந்து முகங்கள். கண்கள் மூடியிருந்தன, கழுத்துகள் முன்னால் நீண்டிருந்தன. "என்" என்றதும் ஒரு நாற்காலி கிறீச்சென்று அரை அடி முன்னால் நகர்ந்தது. மருந்துக்கடை அக்காவின் ஒரு கண் திறந்தே இருந்தது. அந்த முகங்களில் எதுவும் ஆண்டவர் பக்கம் திரும்பியிருக்கவில்லை, எல்லாம் இவள் பக்கம்தான் திரும்பியிருந்தன. இத்தனை வருஷமாக நான் இவர்களிடமா பேசிக்கொண்டிருந்தேன் என்று அவளுக்குத் தோன்றியது.

"என்... என் வாயை மூடிடும் ஆண்டவரே. ஆமென்."

உட்கார்ந்துவிட்டாள். யாருக்கும் ஆமென் சொல்லத் தோன்றவில்லை.

"முடிஞ்சுதா சிஸ்டர்?" என்று டீச்சர் கேட்டாள்.

"முடிஞ்சுது டீச்சர்."

மேடை ஜெபம் மருந்துக்கடை அக்காவுக்குப் போனது.

அப்புறம் ஊர் சும்மா இருக்குமா? ஒரு வாரத்துக்குள் நாலு கதை கிளம்பிவிட்டது. தொண்டையில் கட்டி என்றாள் ஒருத்தி. விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டாள் என்றாள் இன்னொருத்தி. உதட்டுப் புண்ணைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் கை நீட்டிவிட்டார் என்றுகூட ஒரு பேச்சு. மீட்டர் எண்ணைத் தவிர வேறெதையும் உரக்கச் சொல்லியறியாத அந்த மனுஷர்! ஆனால் எல்லோருக்கும் பிடித்த கதை, மாமியார் மருமகள் சண்டை. மகன் தனி வீடு பார்க்கிற விஷயம் எப்படியோ வெளியே வந்திருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மருந்துக்கடை அக்கா எழுந்தாள். "ஆண்டவரே, பேர் சொல்ல விரும்பல. ஜன்னல் ஓரத்துல தையல் மெஷின் இருக்கிற ஒரு வீட்டை நினைத்தருளும்!" என்று தொடங்கினாள். மருமகள் மதிக்காதது, மகன் பிரிந்து போவது, ராத்திரி பகலாக அந்தத் தாய் வடிக்கிற கண்ணீர், வாய்விட்டு ஜெபிக்கக்கூட முடியாதபடி கட்டப்பட்ட நாவு, எதுவும் விட்டுப்போகவில்லை. பேஷாக இருந்தது. எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், எங்கே 'ஆண்டவரே' என்று இழுக்க வேண்டும், எல்லாம் அக்காவிடம் கற்றதுதான். சுற்றிலும் பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள்.

அக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரே ஒரு வரி போதும். 'அடி போங்கடி, என் மருமக முழுகாம இருக்கா, அதனாலதான் வாயை மூடினேன்!' என்று எழுந்து சொன்னால் மானமும் திரும்பிவிடும், மேடையும் திரும்பிவிடும். மூன்றாவது நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். பச்சை கேட் வீட்டம்மா இவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் உறைத்தது. ஜெபம் முடிந்ததும் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ஆமென்" என்றாள் அக்கா.

சனிக்கிழமை டீச்சரும் மருந்துக்கடை அக்காவும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். கதவைத் திறந்தது மருமகள். அக்கா உள்ளே மெஷினில், வாயில் ஊசியோடு உட்கார்ந்திருந்தாள். வாசலிலேயே மருமகளை ஓரமாக இழுத்து, ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு தெரு கேட்கப் பேசினாள் மருந்துக்கடை அக்கா.

"மாமியார் மனசு ஒடைஞ்சு போயிருக்காங்கம்மா. நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும். ரெண்டு வாரமா கூட்டத்துல வாயே திறக்கறதில்ல."

"கூட்டத்துல அத்தை ஒண்ணுமே சொல்லலையா?" என்றாள் மருமகள்.

"எங்கே சொன்னாங்க? கர்ப்பவதிகளுக்காக ஜெபிங்கன்னு டீச்சர் எழுப்பி விட்டாங்க. 'என் வாயை மூடிடும் ஆண்டவரே'ன்னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டாங்க. மேடை ஜெபமே கைவிட்டுப் போச்சு, பாவம். ஊரே என்னென்னமோ பேசுது."

மருமகள் உள்ளே மெஷின் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு, "சரி ஆன்ட்டி, இனிமே அனுசரிச்சுப் போறேன்" என்று சொல்லி, பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

உள்ளே வந்தாள். வாடிக்கைக்காரர்கள் உட்காருகிற ஸ்டூலை இழுத்து மெஷினுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். நாலு வருஷத்தில் அவள் அந்த ஸ்டூலில் உட்கார்ந்ததே இல்லை.

"அத்தை, எனக்காக ஜெபிங்களேன்."

அக்கா ஊசியோடு தலையை ஆட்டி, மாட்டேன் என்று சைகை காட்டினாள்.

"கூட்டத்துல இல்ல. இங்கே. இப்போ."

அக்கா குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பா மூடியில் போட்டாள். கண்ணை மூடினாள். ஒன்றும் வரவில்லை. மூன்று நிமிடம் ஆயிற்று, நாலு நிமிடமும் ஆயிற்று. எந்த மாதம் என்று சொல்லலாம் என்றால் ஆண்டவருக்குத் தெரியும், எதிரே உட்கார்ந்திருக்கிறவளுக்கும் தெரியும். செய்தி சொல்ல அந்த அறையில் ஆளே இல்லை. செய்தி இல்லாமல் எப்படி ஜெபிப்பது என்று சபையிலேயே பெரிய ஜெபக்காரிக்குத் தெரியவில்லை. கை மட்டும் தானாக நீண்டு எதிரே இருந்தவளைத் தேடியது, நடுவழியில் தயங்கி நின்றது. மருமகளே அதைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆண்டவரே" என்றாள் அக்கா. இழுக்கவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. "எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும் அத்தை" என்றாள் மருமகள்.

உள்ளறையில் செய்தித்தாள் மடங்குகிற சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, மீட்டர் ரீடிங் எடுக்கிறவர் உரக்க ஆமென் சொன்னார்.